சிறுவயதில் உண்ட மீன் உணவின் செய்முறையைத் தேடிக் கண்டடைவது எப்படி

சிறுவயதில் உண்ட ஒரு மீன் உணவைத் தேடப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் அதன் பெயரைத்தான் முதலில் தேடுகிறார்கள். பெயர் கிடைத்துவிட்டால் செய்முறையும் தானாகக் கிடைத்துவிடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஆனால் ஒரே பெயரில் நூறு பக்குவங்கள் வழங்குகின்றன. வீட்டில் உண்ட உணவுக்கோ பல நேரங்களில் பெயரே இருந்ததில்லை, "நண்டு வைத்திருக்கிறேன், சாப்பிட வா" என்பதோடு பேச்சு முடிந்திருக்கும். ஆகவே பெயரைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த உணவு எந்த மீனில், எந்தப் பாத்திரத்தில், எவ்வளவு நேர நெருப்பில், யாருடைய கையில் உருவானது என்று விசாரிப்பதே பயன் தரும். விசாரணை என்ற சொல்லைத் தெரிந்தேதான் பயன்படுத்துகிறேன். இதில் முதல் சாட்சி உங்கள் நினைவு. அந்தச் சாட்சி எளிதில் கலைந்துவிடக்கூடியது.

தேடுவதற்கு முன் எழுதுங்கள்

பிரிட்டிஷ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகளில், மனிதர்கள் ஒரு கதையை நினைவிலிருந்து திரும்பச் சொல்லும்போது தமக்குப் பழக்கமில்லாத பகுதிகளை விட்டுவிட்டு, பழக்கமான பகுதிகளைச் சேர்த்து, அறியாமலேயே அதைத் திருத்தி எழுதிவிடுகிறார்கள் என்று காட்டினார். உணவு நினைவுக்கும் இதுவே நேர்கிறது. இணையத்தில் பத்துச் செய்முறைகளையும் இருபது புகைப்படங்களையும் பார்த்த பிறகு, நீங்கள் நினைவுகூர்வது சிறுவயதில் உண்ட உணவையா அல்லது நேற்று மாலை பார்த்த படத்தையா என்று உங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் எதையும் தேடுவதற்கு முன், யாரையும் கேட்பதற்கும் முன், ஒரு தாளை எடுத்து உங்களுக்கு நினைவிருப்பதை எல்லாம் எழுதி, தேதியிட்டு வைத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைத் தவறவிட்டால் பின்னால் ஈடுசெய்ய வழியில்லை.

எழுதும்போது சுவையில் தொடங்க வேண்டாம். "புளிப்பாக இருந்தது, காரமாக இருந்தது, மிக நன்றாக இருந்தது" என்பவை உலகத்து மீன் உணவுகளில் பாதிக்குப் பொருந்தும். சுற்றியிருந்தவற்றில் தொடங்குங்கள். அது மழைக்காலமா, கோடையா? பகலுணவா, இரவுணவா? சூடாக உண்டீர்களா, ஆறிய பிறகா? மறுநாளும் எடுத்துவைத்து உண்பார்களா? எதனோடு சேர்த்து உண்டீர்கள்? முள்ளை யாராவது எடுத்துக் கொடுத்தார்களா, நீங்களே எடுத்தீர்களா, அல்லது முள்ளோடு மென்று தின்றீர்களா? மேலே எண்ணெய் மிதந்ததா, அதன் நிறம் என்ன? கை கழுவிய பிறகும் விரலில் என்ன வாசனை தங்கியிருந்தது? இந்தக் கேள்விகள் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மழைக்காலம் என்ற ஒரு விடை மீனின் பெயரை ஐந்தாறாகக் குறைத்துவிடும். முள்ளோடு மென்றோம் என்ற விடை, அது மிகச் சிறிய மீன் அல்லது மிக நீண்ட நேரம் வெந்த மீன் என்று சொல்லிவிடும்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அது நீங்களே கண்டதா, உறுதியில்லாத நினைவா, பிறர் பின்னாளில் சொல்லிக் கேட்டதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகை நாம் நினைப்பதைவிட அதிகமாக இருக்கும். நான் பல ஆண்டுகள் தேடிய ஒரு நண்டுச் சாற்றில் புகைமணம் இருந்தது என்பதை மிக உறுதியாக நம்பியிருந்தேன். விறகடுப்பு, கரி, புகையூட்டிய மீன் என்று என்னவெல்லாமோ முயன்று பார்த்தேன். அந்தச் சாற்றில் பூண்டைக் கருகும் எல்லைவரை வறுத்துப் போடுவார்கள் என்பது பிறகு தெரியவந்தது. மணம் உண்மையானதுதான், அதற்கு நான் சூட்டிய பெயர்தான் தவறு. ஆகவே "புகை" என்று எழுதுவதைவிட "தொண்டையில் கடைசியாகத் தங்கிய, சற்றே கசந்த மணம்" என்று உணர்ந்ததை உணர்ந்தபடி எழுதுவது மேலானது.

நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி, மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்கை அடையும் மணமே. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கவளம் உண்டு, பிறகு விடுவித்துப் பார்த்தால் இதை உடனே உணரலாம். மேலும் மணத்தின் செய்தி, பிற புலன்களின் செய்திகளைப்போல மூளையின் தலாமஸ் பகுதியில் முதலில் தங்கிச் செல்லாமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பகுதிகளைக் குறுகிய வழியில் அடைகிறது. இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. சரியான மணம் எதிர்ப்பட்டால் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும் என்பது ஒன்று. அந்த மணத்தோடு அன்றைய மகிழ்ச்சியும் ஒட்டிக்கொண்டிருப்பதால், ஏறத்தாழச் சரியான ஒன்றையும் "இதுதான்" என்று ஏற்றுவிடுவீர்கள் என்பது மற்றொன்று. போதாக்குறைக்கு, குழந்தைகள் பெரியவர்களைவிட அதிக இனிப்பையும் உப்பையும் விரும்புகிறவர்கள், கசப்பைக் கூடுதலாக உணர்கிறவர்கள். எட்டு வயது நாக்கு "இனித்தது" என்று பதிந்துவைத்தது, சற்று நீண்ட நேரம் வதங்கிய வெங்காயமாகவோ, தானாகவே இனிக்கும் நண்டுச் சதையாகவோ இருக்கலாம். சர்க்கரையைத் தேடி ஓட வேண்டியதில்லை.

எந்த மீன்

செய்முறையைத் தேடுகிறவர்களில் பலர் மசாலாவுக்குப் பத்து மடங்கு கவனத்தையும் மீனுக்கு ஒரு மடங்கு கவனத்தையும் தருகிறார்கள். என் கருத்தில் இது தலைகீழானது. மீன் தவறினால் மற்ற எல்லாம் சரியாக அமைந்தாலும் உணவு வேறொன்றாகிவிடும்.

மீனின் பெயர் நினைவில் இருந்தாலும் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது, ஏனென்றால் மீன்பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும், சந்தைக்கு ஏற்பவும் மாறும். படகோனியப் பல்மீன் என்ற ஆழ்கடல் மீனை 1977ஆம் ஆண்டில் லீ லான்ட்ஸ் என்ற அமெரிக்க மீன் வணிகர் ‘சிலியன் சீ பாஸ்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்; அது பாஸ் இனத்து மீனே அல்ல. ‘வைட்பெய்ட்’ என்ற சொல் இங்கிலாந்தில் ஹெர்ரிங், ஸ்பிராட் என்ற சிறு கடல்மீன்களின் குஞ்சுகளைக் குறிக்கிறது. நியூசிலாந்தில் அதே சொல், முற்றிலும் வேறான ஒரு நன்னீர்க் குடும்பத்தின் குஞ்சுகளைக் குறிக்கிறது. ஒன்றின் செய்முறையை மற்றொன்றில் செய்து பார்த்துவிட்டு, ஏன் சரியாக வரவில்லை என்று வருந்துகிறவர்களைக் குறைசொல்ல முடியாது. பெயர்க்குழப்பத்திலிருந்து வெளியேற ஒரே வழி அறிவியல் பெயர். ஃபிஷ்பேஸ் என்ற இணையத் தரவுத்தளத்தில் 35,000க்கும் மேற்பட்ட மீனினங்களின் விவரங்கள், பல மொழிகளில் அவற்றுக்கு வழங்கும் பெயர்களோடு சேர்த்துத் தரப்பட்டுள்ளன. நினைவிலுள்ள வட்டாரப் பெயரை அதில் இட்டு, கிடைக்கும் அறிவியல் பெயர்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்தக் கடலில் அல்லது ஆற்றில் வாழ்கிறது என்பதைச் சரிபார்த்தால், பொருந்தாதவை விரைவில் கழிந்துவிடும். இறால், நண்டு, சிப்பி, கணவாய் ஆகியவற்றுக்கு இதேபோன்று சீலைஃப்பேஸ் என்ற தரவுத்தளம் இருக்கிறது.

பெயரே நினைவில்லை என்றால் உடலைக் கேளுங்கள். சதை வெந்ததும் பெரிய இதழ்களாகப் பிரிந்ததா, கோழியிறைச்சிபோல இறுகிய நாராக இருந்ததா, வெண்ணெய்போல நெகிழ்ந்ததா? சதைக்குள் கவர்விட்ட நுண்முட்கள் நிறைய இருந்து, அவற்றை எடுப்பதே பெரும்பாடாக இருந்ததென்றால், கெண்டை இனங்களையோ ஹெர்ரிங் குடும்பத்தையோ முதலில் நினைக்கலாம். முள்ளே இல்லாமல், மென்று விழுங்கக்கூடிய குருத்தெலும்பு மட்டும் இருந்ததென்றால் அது சுறாவாகவோ திருக்கையாகவோ இருக்கும். இவற்றின் உடலில் யூரியா இருப்பதால், சற்று நாட்பட்டால் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வரும், அந்த நெடி நினைவிலிருந்தால் ஐயமே வேண்டாம். முள் பச்சை நிறமாக இருந்தது என்று யாராவது சொன்னால் கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். முரல் குடும்ப மீன்களின் முள், பிலிவெர்டின் என்ற நிறமியால் உண்மையிலேயே பச்சையாக இருக்கும். இப்படியான ஒரு விசித்திர நினைவு, ஒரு பக்க வருணனையைவிட அதிகப் பயன் தரும்.

கடல்மீனா, நன்னீர் மீனா என்ற கேள்வியையும் விட்டுவிட வேண்டாம். கடல்வாழ் உயிர்களுக்கு உரிய ‘கடல் மணம்’ பெருமளவு அவை உண்ணும் பாசியிலிருந்தும் புழுக்களிலிருந்தும் சேரும் புரோமோஃபீனால்கள் என்ற மணப்பொருள்களால் வருவது. நன்னீர் மீன்களில் சில நேரம் வரும் மண்வாடைக்கு ஜியோஸ்மின் என்ற பொருள் காரணம். அது புளிப்பில் சிதைந்துவிடும். கடல்மீனின் கவிச்சிக்குக் காரணமான டிரைமெதிலமீனையும் புளிப்பு பிணைத்து, ஆவியாகாமல் தடுத்துவிடுகிறது. உலகெங்கும் மீனோடு ஏதோ ஒரு புளிப்பு சேர்வதற்கு இதுவே வேதியியல் காரணம் என்பதால், உங்கள் நினைவிலுள்ள புளிப்பு வெறும் சுவைக்காகச் சேர்ந்ததா, வாடையைப் போக்கச் சேர்ந்ததா என்று யோசித்தால் அதன் அளவையும் ஊகிக்கலாம்.

கடைசியாக, பருவம். ஹெர்ரிங் போன்ற எண்ணெய் மீன்களில் கொழுப்பு ஒரு பருவத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவும் மற்றொரு பருவத்தில் 20 சதவீத அளவிலும் இருக்கும். மத்தி, கானாங்கெளுத்தி ஆகியவையும் இவ்வாறே ஏறி இறங்குபவை. நீங்கள் நினைவில் வைத்திருக்கும் அந்த மிருது, சமைத்தவரின் கைமணமாக இல்லாமல் அந்த மாதத்து மீனின் கொழுப்பாகவே இருக்கலாம்.

குழம்பு விட்டுச்செல்லும் தடயங்கள்

மீன் ஓரளவு தெரிந்த பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். இங்கே நினைவைவிட ஊகம் அதிகம் உதவும். சிவந்த எண்ணெய் மேலே மிதந்தது என்றால் எல்லோரும் மிளகாய் என்கிறார்கள். ஆனால் இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலுள்ள அஸ்டாக்சாந்தின் என்ற நிறமி, சூடு படும்போது தான் பிணைந்திருந்த புரதத்திலிருந்து விடுபட்டுச் சிவக்கும். அது கொழுப்பில் கரையும் இயல்புடையது. காரமே இல்லாமல் சிவந்திருந்தது என்றால், தலைகளையும் ஓடுகளையும் எண்ணெயில் வதக்கி நசுக்கியிருக்கிறார்கள் என்று பொருள்.

கெட்டித்தன்மையும் தடயம்தான். மிஞ்சிய குழம்பு மறுநாள் காலை அசையாமல் உறைந்திருந்ததா? அப்படியானால் தலையும் எலும்பும் தோலும் நன்றாக வெந்து, அவற்றிலுள்ள கொலாஜன் என்ற புரதம் கரைந்து வழவழப்பாகியிருக்கிறது. வெறும் சதைத்துண்டுகளை வைத்து அந்த உணவைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆறும்போது மேலே ஆடைபோல ஒரு படலம் படிந்தது என்றால் மாவு சேர்ந்திருக்கலாம். நாக்கில் மணல்போல நுண்ணிய துகள் தட்டுப்பட்டது என்றால் பருப்போ விதையோ தேங்காயோ அரைபட்டிருக்கும். திரிந்து, தண்ணீரும் கொழுப்பும் பிரிந்து நின்றது என்றால், இன்றைய சமையலில் அது பிழை என்று கருதப்பட்டாலும், உங்கள் வீட்டு அடுப்பில் அதுவே பக்குவமாக இருந்திருக்கலாம்.

புளிப்பைப் பொறுத்தவரை, வினிகரின் அசெட்டிக் அமிலம் ஆவியாகக்கூடியது என்பதால் கொதிக்கும்போதே மூக்கில் ஏறும். சமையலறைக்குள் நுழைந்ததும் மூக்கு கூசியதாக நினைவிருந்தால் அது வினிகர். எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலமும் புளியில் உள்ள டார்டாரிக் அமிலமும் அப்படி எழும்பாது. புளி குழம்பைக் கருக்கும். எலுமிச்சை நிறத்தை மாற்றாது. நொதித்த பொருளின் புளிப்பு மற்ற மூன்றையும்விட மென்மையாகவும் சற்று வாடையோடும் இருக்கும்.

எல்லாம் சரியாக அமைந்தும் ‘ஏதோ ஒன்று குறைகிறது’ என்று தோன்றினால், அந்த ஏதோ ஒன்று பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் சேர்த்த உலர்மீனோ, நொதித்த மீன்சாறோ, கடையில் வாங்கிய சுவைகூட்டும் உப்போதான். டோக்கியோவில் வேதியியலாளர் கிகுனாயே இகேடா 1908ஆம் ஆண்டில் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளூட்டமேட் என்ற சுவைப்பொருளைப் பிரித்து அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். 1913ஆம் ஆண்டில் அவருடைய மாணவர் ஷின்டாரோ கோடாமா உலர்த்திய சூரை வகை மீனில் இனோசினேட் என்ற மற்றொரு சுவைப்பொருளைக் கண்டறிந்தார். இவ்விரண்டும் சேரும்போது சுவை கூட்டுத்தொகையைவிடப் பல மடங்கு உயரும். வெங்காயமும் தக்காளியும் நிறைந்த குழம்பில் ஒரு சிட்டிகைக் கருவாட்டுத்தூள் செய்யும் மாயத்துக்கு இதுதான் காரணம். சமைத்தவர்கள் இதை ஒரு பொருளாகவே எண்ணாததால் எந்தப் பட்டியலிலும் சொல்லமாட்டார்கள்.

கேட்கும் விதம்

சமைத்தவர் இருந்தால் அவரிடம், இல்லையென்றால் அவரோடு சமையலறையில் நின்றவர்களிடம் கேட்க வேண்டும். கேள்வியின் சொற்கள் விடையை மாற்றிவிடும் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். உளவியலாளர்கள் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பால்மரும் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒரே வாகன விபத்துப் படத்தைப் பார்த்தவர்கள், கேள்வியில் ‘மோதியபோது’ என்று இருந்ததா, ‘நொறுக்கிக்கொண்டு மோதியபோது’ என்று இருந்ததா என்பதைப் பொறுத்து வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் சொன்னார்கள். நீங்கள் "அதில் தேங்காய்ப்பால் ஊற்றுவீர்களா?" என்று கேட்டால், உங்களை ஏமாற்ற மனமில்லாத ஒரு முதியவர் "ஆமாம், கொஞ்சம்" என்று சொல்லிவிட வாய்ப்பிருக்கிறது, அந்த ‘கொஞ்சம்’ பின்னர் அவருடைய நினைவாகவே ஆகிவிடும். "மீன் வீட்டுக்குள் வந்ததிலிருந்து சொல்லுங்கள், முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் குறுக்கிடாமல் இருப்பதே நல்ல முறை. இரண்டு பேரைக் கேட்பதானால் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே அறையில் உட்காரவைத்தால், உரத்துப் பேசுகிறவரின் செய்முறைதான் உங்களுக்குக் கிடைக்கும்.

வாயால் சொல்லக் கேட்பதைவிட, முடிந்தால் செய்யச் சொல்லிப் பார்ப்பது பல மடங்கு மேல். கண்ணளவிலும் கையளவிலும் நாற்பது ஆண்டுகள் சமைத்தவருக்கு அளவைச் சொல்லத் தெரியாது; அவர் மறைக்கவில்லை, அவருடைய அறிவு கையில் இருக்கிறது. அவர் சமைக்கும்போது கரண்டியைப் பிடுங்கி அளந்து பார்ப்பது பண்பும் அல்ல, பயனும் அல்ல, ஏனென்றால் கை தடுமாறினால் அளவும் தடுமாறும். அதற்குப் பதிலாக உப்புச் சாடி, எண்ணெய்ப் புட்டி, மசாலா டப்பா ஆகியவற்றைச் சமையலுக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் தராசில் வைத்துக்கொள்ளுங்கள். வேறுபாடே அளவு. அடுப்புக்கு மேலாகக் கைபேசியை நிறுத்தி முழுவதையும் பதிவுசெய்துவிட்டால், எந்த நிமிடத்தில் எதைப் போட்டார், எப்போது நெருப்பைக் குறைத்தார் என்பதெல்லாம் பிறகு கிடைக்கும். கழுவிய நீரைக் கொட்டினாரா, சேர்த்தாரா என்பதைக் கவனிக்கத் தவற வேண்டாம்.

சமைத்தவர் மறைந்துவிட்டார் என்றால், அவரிடம் உண்டவர்களைவிட அவருக்கு வேலையில் உதவியவர்களும் மீன் விற்றவர்களும் அதிகம் அறிந்திருப்பார்கள். உண்டவர்களுக்குச் சுவை தெரியும். மீன் ஆய்ந்து கொடுத்தவருக்குத் தலையைக் கேட்டு வாங்கினாரா, ஒதுக்கச் சொன்னாரா என்பது தெரியும்.

நீங்கள் தேடுவது உணவகத்தில் உண்டது என்றால் வழி வேறு. பழைய உணவுப்பட்டியல்களைப் பல நூலகங்கள் பாதுகாக்கின்றன. நியூயார்க் பொது நூலகத்தில், ஃபிராங்க் பட்டால்ஃப் என்ற பெண்மணி 1900ஆம் ஆண்டில் சேகரிக்கத் தொடங்கிய தொகுப்பு இன்று ஏறத்தாழ 45,000 பட்டியல்களாக வளர்ந்திருக்கிறது. பட்டியல் செய்முறையைத் தராது. ஆனால் உணவின் சரியான பெயர், எந்த ஆண்டில் அது இருந்தது, எதனோடு பரிமாறினார்கள் என்பவற்றைத் தரும். அங்கே பணியாற்றிய ஒரு சமையற்காரர் கிடைத்துவிட்டால் அதைவிட வேறென்ன வேண்டும்.

பழைய அச்சுச் செய்முறைகளையும் கையெழுத்துக் குறிப்பேடுகளையும் படிக்கும்போது அளவுகளில் ஏமாறக் கூடாது. அமெரிக்கக் கோப்பை ஏறத்தாழ 237 மில்லிலிட்டர். ஆஸ்திரேலியக் கோப்பை 250. ஜப்பானியக் கோப்பை 200. மேசைக்கரண்டி பெரும்பாலான நாடுகளில் 15 மில்லிலிட்டர் என்றால் ஆஸ்திரேலியாவில் 20. பிரிட்டிஷ் பைன்ட் 568 மில்லிலிட்டர், அமெரிக்கப் பைன்ட் 473. குழம்பின் புளிப்பையும் உப்பையும் இந்த வேறுபாடுகள் அடியோடு மாற்றிவிடும். உப்பின் வகையும் அப்படியே: ஒரு தேக்கரண்டித் தூள் உப்பு ஏறத்தாழ 6 கிராம் இருக்கும்போது, லேசான பரல் உப்பு அதில் பாதி எடைதான் நிற்கும்.

அடுப்பில் சோதித்தல்

தாளில் சேர்த்தவற்றை வைத்து, மிக எளிய ஒரு வடிவத்தை முதலில் சமையுங்கள்: மீன், உப்பு, ஒரு புளிப்பு, ஒரு கொழுப்பு, நீங்கள் உறுதியாக அறிந்த ஒன்றிரண்டு பொருள்கள். 200 கிராம் மீனுக்கு மேல் வேண்டாம். அதன்பின் ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஆவலில் மூன்றை ஒன்றாக மாற்றியவர்கள், சுவை நெருங்கி வந்தபோது எது நெருக்கியது என்று தெரியாமல் மீண்டும் தொடக்கத்துக்கே போயிருக்கிறார்கள்.

அடுப்பருகில் ஒரு மணிநேரம் நின்ற மூக்கு அந்த மணத்துக்குப் பழகி மரத்துப்போயிருக்கும். சமைத்து முடித்ததும் சுவைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், வெளியே சென்று அரைமணிநேரம் கழித்து வீட்டுக்குள் வாருங்கள். சிறுவயதில் நீங்கள் அந்த மணத்தை வாசற்படியில்தானே முதலில் சந்தித்தீர்கள்.

இரண்டு வடிவங்களுக்கிடையே உண்மையில் வேறுபாடு இருக்கிறதா, இருப்பதாக நினைக்கிறீர்களா என்று அறிய, உணவு ஆய்வுக்கூடங்களில் செய்யும் முக்கோணச் சோதனையை வீட்டிலும் செய்யலாம். ஒருவர் மூன்று கிண்ணங்களில், இரண்டில் ஒரே வடிவத்தையும் ஒன்றில் மற்றதையும் உங்களுக்குத் தெரியாமல் ஊற்றிவைக்க, தனித்து நிற்பதை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டு ஊகத்திலேயே மூன்றில் ஒரு முறை சரியாக வரும் என்பதால், ஒரு வெற்றியை வைத்து முடிவு செய்யாமல் ஆறேழு முறையாவது செய்து பாருங்கள். எந்த எண்ணெய், எந்த மிளகு என்று நாம் போடும் சண்டைகளில் பல இந்தச் சோதனையில் கரைந்துபோகும்.

வேகும் நேரத்தைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. மீனைச் சற்றே வெந்ததும் இறக்கிவிட வேண்டும் என்ற இக்கால அறிவுரையை இந்தத் தேடலில் மறந்துவிடுங்கள். உங்கள் நினைவிலிருப்பது இறுகிய, சாறு உள்ளிறங்கிய மீன் என்றால், அது நெடுநேரம் வெந்து, அந்தச் சாற்றிலேயே ஆறிக் கிடந்த மீன். கணவாய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: ஓரிரு நிமிடங்களில் இறக்கினால் மென்மையாக இருக்கும், அதன்பின் ரப்பராகும், அரைமணிநேரத்துக்கு மேல் வெந்தால் கொலாஜன் கரைந்து மீண்டும் மென்மையாகும். இரண்டு மென்மைகளும் ஒன்றல்ல. எது உங்களுடையது என்று பல்லுக்குத் தெரியும். பாத்திரமும் இதில் சேரும். கனமான மண்சட்டி, அடுப்பை அணைத்த பிறகும் நெடுநேரம் கொதியை வைத்திருக்கும். மெல்லிய பாத்திரத்தில் அதே செய்முறையைச் செய்தால் அந்த நேரத்தை நெருப்பில் கூட்டித்தர வேண்டும்.

மீனே மாறிப்போயிருக்கவும் கூடும். நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன்பிடிப்பை, மீன் அற்றுப்போன நிலையில், 1992ஆம் ஆண்டு ஜூலையில் கனடா அரசு நிறுத்தியது; அதற்கு முன் அங்கே வளர்ந்தவர்கள் உண்ட பெருத்த காட் துண்டுகள் பிறகு கிடைக்கவில்லை. ஐரோப்பிய விலாங்கின் குஞ்சுவரத்து 1980களிலிருந்து பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. கடலில் பிடித்த இறாலும் பண்ணையில் வளர்ந்த இறாலும் தீனி வேறுபாட்டால் மணத்தில் வேறுபடும். முன்னே சொன்ன புரோமோஃபீனால்கள் பண்ணையில் வளர்ந்தவற்றில் மிகக் குறைவு. இத்தகைய இடங்களில் அதே குடும்பத்து மற்றொரு மீனைத் தேர்ந்துகொண்டு, கடல் மணத்துக்குச் சில சிப்பிகளையோ சிறிது உலர்பாசியையோ குழம்பில் கொதிக்கவிட்டு எடுத்துவிடலாம்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக: சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகியவை குளிரில் வைக்காமல் கிடந்தால் ஹிஸ்டமின் சேரும், அது எவ்வளவு கொதித்தாலும் அழியாது. பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ உண்ணும் உணவாக இருந்தால், ஒட்டுண்ணிப் புழுக்களைக் கொல்ல, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல்படி மீனை மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள்கள் உறையவைக்க வேண்டும். இறால், நண்டு ஒவ்வாமை பெரியவர்களான பிறகும் புதிதாகத் தொடங்கக்கூடியது என்பதால், பல ஆண்டுகளாக இவற்றை உண்ணாதவர்கள் முதல் முறை சிறிதளவே உண்ணட்டும்.

நெருங்கிவிட்டது என்று தோன்றும் வடிவத்தைக் கிராம் கணக்கில் எழுதுங்கள். மீனின் அறிவியல் பெயரையும் வாங்கிய மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு, அந்த நாள்களில் உங்களோடு அதே பாத்திரத்திலிருந்து உண்ட ஒருவரை, உடன்பிறந்தவரையோ பழைய நண்பரையோ, எதையும் சொல்லாமல் சாப்பிட அழையுங்கள். இது எந்த உணவு என்று சொல்ல வேண்டாம், முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். முதல் கவளத்துக்குப் பிறகு அவர் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், "அன்றைக்கு இதில் தலையும் இருக்குமே" என்று சொன்னாலும், உப்பு போதவில்லை என்று மட்டும் சொன்னாலும்.